இணையத்தைப் பூட்ட வரும் சட்டமும் நம் கையில் உள்ள பில்லும்: புறக்கணிப்பைச் சரியாகச் செய்வது எப்படி

அரசாங்கத்தை வாடிக்கையாளராக இருந்து புறக்கணிக்க வழியில்லை. ஆனால் இணையத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் தனியாக வருவதில்லை. அதற்குப் பின்னால் "நாங்கள் ஆதரிக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்த நிறுவனங்கள் இருக்கும். அந்த நிறுவனங்களுக்கு நாம் மாதாமாதமோ வருடாவருடமோ பணம் கட்டிக்கொண்டிருப்போம். அந்த ஆதரவைத் திரும்பப் பெற வைப்பதுதான் புறக்கணிப்பின் வேலை. அதை எப்படிச் செய்வது என்று, டொமைன் (வலைத்தளத்தின் பெயர்) வாங்குவதும் புதுப்பிப்பதும் மாற்றுவதுமே பிழைப்பாக இருக்கும் ஒருவனாக எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, லாட்ஜ், நர்சரி, பல் மருத்துவமனை என்று சிறு தொழில்களுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறேன்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் 2011 டிசம்பரில் நடந்தது. இதைவிடத் தெளிவாகப் பாடம் சொல்லும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

2011 அக்டோபரில் டெக்சாஸ் பிரதிநிதி லாமர் ஸ்மித் 'சோப்பா' மசோதாவைக் கொண்டுவந்தார். திருட்டுப் படம், திருட்டுப் பாட்டு தரும் வெளிநாட்டுத் தளங்களைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். வழிதான் பயங்கரமானது. நீதிமன்ற ஆணை ஒன்று இருந்தால் ஒரு தளத்தின் பெயரை டி.என்.எஸ். (பெயரைச் சொன்னால் தளம் இருக்கும் கணினியைக் காட்டும் இணையத்தின் முகவரிப் புத்தகம்) மட்டத்திலேயே மறைக்கலாம், தேடுபொறியிலிருந்து நீக்கச் சொல்லலாம், விளம்பரத்தையும் பணப் பரிமாற்றத்தையும் நிறுத்தச் சொல்லலாம். செனட்டில் இதற்கு இணையாக 'பிப்பா' என்ற மசோதா இருந்தது. மசோதாவை ஆதரிக்கும் நிறுவனங்களின் பட்டியலைக் கீழவையின் நீதித்துறைக் குழுவே வெளியிட்டது. படக் கம்பெனிகளும் இசைக் கம்பெனிகளும் அதில் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் டொமைன் விற்கும் கோ டாடியும் இருந்தது. ஐந்து கோடி அளவில் டொமைன்களைக் கையில் வைத்திருந்த நிறுவனம், டொமைன் பெயர்களை மறைக்கச் சொல்லும் மசோதாவுக்கு ஆதரவு!

டிசம்பர் 22 அன்று ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒருவர், டிசம்பர் 29 'டொமைனை மாற்றும் நாள்' ஆக இருக்கட்டும் என்று எழுதினார். சீஸ்பர்கர் என்ற நகைச்சுவைத் தளங்களை நடத்திய பென் ஹூ, ஆதரவைத் திரும்பப் பெறாவிட்டால் தங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொமைன்களை எடுத்துவிடுவோம் என்றார். விக்கிப்பீடியாவின் பெயர்களும் வெளியேறும் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் சொன்னார். மறுநாளே, 23-ஆம் தேதி, கோ டாடி ஆதரவைத் திரும்பப் பெற்றது. மக்கள் அதோடு விடவில்லை. "ஆதரிக்கவில்லை என்றால் எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள். 29-ஆம் தேதி, "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று வந்தது.

ஒரு வாரம்தான். போன டொமைன்கள் பல்லாயிரம் இருக்கும். ஐந்து கோடியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அப்படியும் நிறுவனம் அசைந்தது. போனவர்களில் பலர் ஊருக்கே டொமைன் வாங்கிக் கொடுப்பவர்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என்னைப் போன்ற ஒருவன் நிறுவனம் மாறினால், அவனுடைய அடுத்த பத்து வருடத்து வாடிக்கையாளர்களும் அவனோடு போவார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, யார் சேர்ந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

யாரைப் புறக்கணிப்பது

முதலில் ஆவணம். வாட்ஸாப்பில் வரும் பட்டியலை நம்பி எந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதாதீர்கள். 2011-ல் கோ டாடியின் பெயர் இருந்தது அரசுக் குழுவே வெளியிட்ட பட்டியலில். அதனால்தான் அதை மறுத்துப் பேச நிறுவனத்துக்கு வழி இருக்கவில்லை. நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு கலந்தாய்வுக்கும் நிறுவனங்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளைப் பெயரோடு தன் தளத்தில் போடுகிறது. நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளில் யார் யார் வந்து பேசினார்கள் என்று இருக்கும். அதைத் திறந்து, அந்த நிறுவனம் சொன்ன வரியையே எடுத்து வையுங்கள். பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்த நிறுவனத்தால் தன் நிலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. இதில்தான் நிறைய பேர் தவறான இடத்தில் சக்தியைச் செலவழிக்கிறார்கள்.

2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். இறந்தவர்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் மக்கள் தவித்த நேரம் அது. அப்போது இங்கே சிலர், சிம் கார்டைத் தூக்கிப் போடுவோம், வேறு கம்பெனிக்கு மாறுவோம் என்று கோபமாகப் பேசினார்கள். கோபம் நியாயமானது, ஆனால் அந்த வழியில் பயன் இல்லை. உள்துறைச் செயலாளர் ஆணை போட்டால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஆணைதான் போகும். உரிம நிபந்தனைப்படி அவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அங்கேயும் இணையம் இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் போக வேண்டிய இடம் நீதிமன்றம். இணையத்தை நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும், அவற்றை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று 2020 ஜனவரி 10-ஆம் தேதி அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணையின் நகலைக் கேட்டு வாங்குவதுதான் அங்கே முதல் வேலை.

மியான்மரைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, சில நாட்களில் ஃபேஸ்புக்கைத் தடுத்தது, இணையத்தை அவ்வப்போது அணைத்தது. மக்கள் மைடெல் என்ற செல்போன் கம்பெனியின் சிம் கார்டுகளைத் தூக்கிப் போட்டார்கள், மியான்மர் பீரைக் குடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டிலும் ராணுவத்தின் பங்கு இருந்தது. பீர் கம்பெனியின் கூட்டாளி ஜப்பானின் கிரின். அது பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், ஏற்கெனவே முதலீட்டாளர்களின் நெருக்கடியும் இருந்தது. பிப்ரவரி 5-ஆம் தேதியே கூட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. முழுவதுமாக வெளியே வர 2023 ஆனது. மைடெலின் வெளிநாட்டுக் கூட்டாளியோ வியட்நாமின் வியட்டெல். அதுவே வியட்நாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிறுவனம். அது யாருக்காக இறங்கி வரும்? ஆனாலும் அந்தப் புறக்கணிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். தன்னைச் சுடுகிறவனுக்குத் தன் ரீசார்ஜ் காசு போகக் கூடாது என்பது ஒரு மனிதனின் உரிமை. அங்கே குறிக்கோள் பணத்தை நிறுத்துவது. நிறுவனத்தின் மனதை மாற்றுவது குறிக்கோளே இல்லை. நீங்கள் இரண்டில் எதற்காக இறங்குகிறீர்கள் என்று முதலிலேயே தெளிவாக இருங்கள். ராணுவமோ போலீஸோ வாசலுக்கு வரக்கூடிய இடத்தில் பெயர் போட்டு, படம் எடுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். வாங்காமல் இருந்தாலே போதும்.

ஒரு கோரிக்கை, ஒரு தேதி

கோ டாடிக்கு 2011-ல் இரண்டு புறக்கணிப்புகள் வந்தன. முதலாவது அந்த வருடம் மார்ச்சில். நிறுவனர் பாப் பார்சன்ஸ் ஜிம்பாப்வேயில் ஒரு யானையைச் சுட்டுக் கொன்று, அந்த வீடியோவைத் தானே வெளியிட்டார். பார்த்தவர்கள் கொதித்தார்கள். விலங்கு உரிமை அமைப்பான பீட்டா தன் கணக்கை மூடியது. போட்டி நிறுவனமான நேம்சீப், மாறி வருகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்து, யானைகளைக் காக்கும் அமைப்புக்கு நன்கொடையும் தந்தது. ஆனால் நிறுவனம் என்ன செய்தால் இது முடியும் என்பதற்குப் பதில் இல்லை. யானை திரும்பி வராது. பார்சன்ஸ் தான் செய்தது சரி என்றே நின்றார்.

டிசம்பரில் கேட்டது ஒரே ஒரு விஷயம்: சோப்பாவுக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெறு. ஒரு அறிக்கையால் நிறைவேற்றக்கூடிய கோரிக்கை. அதற்கு ஒரு தேதியும் இருந்தது. தேதிக்கு முந்தைய அந்த ஒரு வாரம்தான் நிறுவனத்தின் உள்ளே கூட்டம் போட்டுப் பேச நேரம் கொடுத்தது. இன்றே எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொல்லியிருந்தால், போகிறவர்கள் போன பிறகு நிறுவனத்துக்கு இறங்கி வரக் காரணமே இருந்திருக்காது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2015 மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, வாட்ஸாப், ஸ்கைப் மாதிரியான செயலிகளுக்கு உரிமம் வேண்டுமா என்றுகூடக் கேட்டது. அடுத்த மாதம், ஏப்ரலில், ஏர்டெல் ஜீரோ திட்டம் வந்தது: ஏர்டெலுக்குப் பணம் கட்டும் நிறுவனங்களின் செயலிகளை மட்டும் மக்கள் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். அதில் சேர ஃபிளிப்கார்ட் பேசிக்கொண்டிருந்தது. மக்கள் ஃபிளிப்கார்ட் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 14 அன்று ஃபிளிப்கார்ட் விலகியது. இன்னொரு பக்கம் டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைப்பதை டிராய் தடை செய்தது. நிறுவனத்துக்கு நட்சத்திரம், ஆணையத்துக்குக் கடிதம் என்று இரண்டும் சேர்ந்து போனதைக் கவனியுங்கள்.

டொமைனை மாற்றுவது எப்படி

இனி என் தொழில். நீங்கள் புறக்கணிப்பது ஒரு டொமைன் பதிவு நிறுவனம் என்றால், கோபத்தில் ஒரே ராத்திரியில் மாற்றப் போய்த் தளமும் மின்னஞ்சலும் நின்றுபோகும். தளம் நின்ற கடைக்காரர் அடுத்த முறை எந்தப் போராட்டத்துக்கும் வரமாட்டார். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் பாதிக் கடைகளின் டொமைன், தளம் செய்து கொடுத்த பையனின் பெயரிலும் அவன் ஜிமெயிலிலும் இருக்கும். கடைக்காரருக்கே அது தெரியாது. அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் மாற்றும் நாளுக்கு முந்தின நாள் செய்யக் கூடாது. உரிமையாளர் விவரத்தை மாற்றினால் பல நிறுவனங்கள் 60 நாளுக்கு டொமைனை வெளியே மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டுவிடும். புதிதாக வாங்கிய டொமைனுக்கும், சமீபத்தில் ஒரு முறை இடம் மாறிய டொமைனுக்கும் அதே 60 நாள் கணக்கு உண்டு. என்னைப் போல மற்றவர்களின் டொமைனைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: உரிமையாளரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அது அவருடைய சொத்து, அரசியல் நிலைப்பாடும் அவருடையதாக இருக்க வேண்டும்.

பதிவில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருந்தால் மாற்றிவிடுங்கள். டொமைன் தடுமாறினால் அந்த முகவரிக்குக் கடிதம் வராது, நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

அடுத்தது டி.என்.எஸ். பலர் விழுகிற குழி இதுதான். தளத்தின் கோப்புகள் வேறு இடத்தில் இருந்தாலும், பெயருக்கான டி.என்.எஸ். பதிவுகள் பழைய நிறுவனத்திலேயே இருக்கும். டொமைன் வெளியேறியதும் அந்தப் பதிவுகளை அவர்கள் நிறுத்திவிடக்கூடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே ஏ (A), சிநேம் (CNAME), எம்.எக்ஸ். (MX), டெக்ஸ்ட் (TXT) பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி எடுங்கள். திரையைப் படமும் பிடித்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் பதிவில்தான் மின்னஞ்சலை அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம் குறிப்புகள் இருக்கும். அதை விட்டால் தளம் நன்றாக இருக்கும், நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் மட்டும் ஸ்பாமுக்குப் போகும், காரணமும் புரியாது. எல்லாவற்றையும் புதிய இடத்தில் ஏற்றி, நேம்சர்வரை (அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் கணினியை) மாற்றி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தளம் திறக்கிறதா, மின்னஞ்சல் போகிறதா, வருகிறதா என்று பார்த்த பிறகே டொமைனைத் தொட வேண்டும். டி.என்.எஸ்.செக் (டி.என்.எஸ். பதிவுகளுக்கான பாதுகாப்பு முத்திரை) போட்டிருந்தால் நேம்சர்வரை மாற்றும் முன் அதை அணைத்துவிடுங்கள். அணைத்த கையோடு மாற்றாமல் ஒரு நாள் பொறுங்கள்.

இவ்வளவும் முடிந்தால் மிச்சம் சுலபம். பழைய நிறுவனத்தின் பக்கத்தில் பூட்டைத் திறந்து, ஆத் கோடு (டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீடு) கேளுங்கள். சில நிறுவனங்கள் உடனே காட்டும், சில நிறுவனங்கள் மின்னஞ்சலில் அனுப்பும். ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. புதிய நிறுவனத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பணம் கட்டுங்கள். டாட் காம் மாதிரியான பெயர்களுக்கு அந்தப் பணத்திலேயே ஒரு வருடம் கூடுதலாகச் சேரும், ஏற்கெனவே இருந்த காலமும் வீணாகாது. பழைய நிறுவனம் சும்மா இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் தானாக மாறிவிடும். அவர்கள் பக்கத்தில் 'ஒப்புதல்' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், சீக்கிரம் முடியும். காலாவதிக்கு இரண்டு வாரம்கூட இல்லாத டொமைனை முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். மாறிய பிறகு பழைய கணக்கில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து, கார்டையும் நீக்குங்கள்.

விக்கிப்பீடியாவின் டொமைன்கள் கோ டாடியை விட்டு முழுதாக வெளியேற 2012 மார்ச் ஆனது. அறிவிப்பு டிசம்பரில் வந்தது, வேலை மூன்று மாதம் நடந்தது. அறிவிப்பை முதலில் செய்துவிட்டு வேலையை நிதானமாகச் செய்வதில் தவறே இல்லை.

எங்கே போவது என்பதையும் பாருங்கள். புதிய நிறுவனம் அதே கலந்தாய்வில் என்ன எழுதியது? டிசம்பர் 29 அன்று நேம்சீப், மாறி வந்த ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு தொகையை இணைய உரிமைகளுக்காக வழக்காடும் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தது. அது வியாபாரத்துக்கான வேலையும்தான், ஆனாலும் பணம் சரியான இடத்துக்குப் போனது.

போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

சொல்லாமல் போனால் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் 'விலை காரணமாக வெளியேறியவர்'. ரத்து செய்யும் பக்கத்தில் காரணம் கேட்கும் பெட்டி இருக்கும், அதைக் காலியாக விடாதீர்கள். குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். இணையவழி விற்கும் நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்து, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம். நான் உங்களிடம் (இத்தனை) டொமைன்களை வைத்திருக்கிறேன். (இந்த) கலந்தாய்வில் நீங்கள் கொடுத்த கருத்தின் (இத்தனையாவது) பக்கத்தில், தளங்களைத் தடுக்கும் இந்த விதியை ஆதரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருத்தை (இந்தத் தேதி)க்குள் எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறாவிட்டால் என் டொமைன்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவேன். திரும்பப் பெற்றால் அதையும் என் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிப்பேன்."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். இறங்கி வந்தால் மதிப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கால் சென்டரில் போன் எடுக்கிற பெண்ணிடம் கத்தாதீர்கள். அந்தச் சட்டத்தை ஆதரித்தவர் அவர் இல்லை. செயலிக்கு மதிப்பெண் போடும்போது உண்மையான காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

அவர்கள் இறங்கி வந்த பிறகு

அறிக்கையை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'ஆதரவைத் திரும்பப் பெறுகிறோம்', 'மறுபரிசீலனை செய்கிறோம்', 'எதிர்க்கிறோம்' மூன்றும் வேறு வேறு. கோ டாடியை முதல் நிலையிலிருந்து கடைசி நிலைக்குக் கொண்டுவர ஆறு நாள் ஆனது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டால், புறக்கணிப்பு முடிந்தது என்று அதே இடத்தில், அதே சத்தத்தோடு அறிவியுங்கள். ஏற்கெனவே மாறிப் போனவர்கள் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் மசோதாவைக் கவனியுங்கள், அது இன்னும் உயிரோடு இருக்கும். கோ டாடி பணிந்தபோது சோப்பா செத்துவிடவில்லை. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளை மறைத்து, எதிர்ப்புப் பக்கம் ஒன்றைக் காட்டி 24 மணி நேரம் இருண்டது. எண்பது லட்சம் பேர் அந்தப் பக்கத்தில் தங்கள் தொகுதிப் பிரதிநிதி யார் என்று தேடினார்கள். கூகுள் எழுபது லட்சம் கையெழுத்து வாங்கியது. ஜனவரி 20-ஆம் தேதி இரண்டு மசோதாக்களையும் ஒத்திவைத்தார்கள். டிசம்பரில் டொமைன் மாற்றியவர்கள் ஜனவரியில் தங்கள் பிரதிநிதிக்குப் போன் செய்யவும் தயாராக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் உங்களோடு சேர்ந்து மாறியவர்களின் தொடர்பு எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு குழுவாக வைத்திருங்கள். கலந்தாய்வுக்குக் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி எது, எந்த முகவரிக்கு அனுப்புவது, உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலக எண் என்ன என்ற மூன்றையும் அந்தக் குழுவின் முதல் செய்தியாகப் போடுங்கள்.